ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் நியாயமான பணித்தேர்வு: புதிதாகப் பொறுப்பேற்ற ஹெச்.ஆருக்கு ஒரு வழிகாட்டி

இந்தியாவில் ஃப்ரெஷர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகின்றன. முதலில் ஆன்லைன் ஆப்டிட்யூட் டெஸ்ட், அடுத்து ஜி.டி. எனப்படும் குழு விவாதம், பிறகு டெக்னிக்கல் நேர்காணல், கடைசியில் ஹெச்.ஆர். ரவுண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்களைக் கழிக்கிறோம். ஆட்டிசம் உள்ள விண்ணப்பதாரர் கழிக்கப்படும் இடத்தைக் கவனித்தால் பல நேரம் அது ஜி.டி.யாகவோ ஹெச்.ஆர். ரவுண்டாகவோ இருக்கும். அவர் சேரவிருந்த வேலையில் ஜி.டி.யே கிடையாது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

கீழே சொல்லியிருக்கும் முறை எந்த அளவு நிறுவனத்துக்கும் பொருந்தும். கட்-ஆஃபைக் குறைக்கச் சொல்லும் இடம் இதில் ஒன்றுகூடக் கிடையாது. வேலைக்குத் தேவையானதை மட்டும் சோதிப்பதும், தேவையில்லாததைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுவதும்தான் மொத்த வேலையும்.

1. வேலையைப் பிரித்து எழுதுங்கள்

விளம்பரம் எழுதுவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். "சிறந்த கம்யூனிகேஷன் ஸ்கில், டீம் பிளேயர், அழுத்தத்தைத் தாங்குபவர்" என்ற மூன்றும் எல்லா விளம்பரத்திலும் இருக்கின்றன. எந்த வேலையையும் அவை விவரிப்பதில்லை. அந்தப் பணியில் ஏற்கெனவே இருப்பவரை அரை மணி நேரம் உட்காரவைத்து, ஒரு வாரத்தில் என்னென்ன செய்கிறார் என்று கேளுங்கள். சாஃப்ட்வேர் டெஸ்டர் என்றால் பட்டியல் ஏறக்குறைய இப்படி வரும்: தேவை ஆவணத்தைப் படிப்பது, டெஸ்ட் கேஸ் எழுதுவது, பிழை வந்தால் மறுபடி வரவைக்கும் படிகளோடு பதிவு செய்வது, தினமும் கால் மணி நேரக் கூட்டத்தில் நிலவரம் சொல்வது, டெவலப்பர் "இது பிழையே இல்லை" என்றால் ஆதாரத்தோடு பதில் எழுதுவது.

ஐந்து முதல் ஏழு வரிகள் போதும். அவற்றைக் "கட்டாயம்", "இருந்தால் நல்லது" என்று இரண்டாகப் பிரித்து விளம்பரத்திலும் அப்படியே போடுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் விளம்பரத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்கள். பத்துத் தகுதி கேட்டு அதில் எட்டுத்தான் தன்னிடம் இருந்தால் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். மற்றவர்கள் அதே எட்டை வைத்துக்கொண்டு தைரியமாக விண்ணப்பித்துவிடுவார்கள். வடிகட்டுதல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

2. ஒவ்வொரு ரவுண்டும் உண்மையில் எதை அளக்கிறது?

ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் அந்த ஐந்தாறு வேலைகள், வலப்பக்கம் உங்கள் ரவுண்டுகள். எந்த வேலையை எந்த ரவுண்டு சோதிக்கிறது என்று கோடு போடுங்கள். கோடே விழாத ரவுண்டு ஏதாவது இருந்தால் அதை ஏன் வைத்திருக்கிறோம் என்று மேலாளரிடம் கேளுங்கள். "எப்பவும் வைக்கிறோம்" என்ற பதில்தான் அதிகம் வரும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரிட்டனில் 2017இல் மேல்முறையீட்டில் முடிந்த ஒரு வழக்கு இருக்கிறது. அரசின் சட்டத்துறை, பயிற்சி வழக்கறிஞர்களைத் தேர்ந்தெடுக்க முதல் கட்டமாக ஆன்லைனில் ஒரு சூழ்நிலைத் தேர்வு வைத்தது. "இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வகை. ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் உள்ள ஒரு விண்ணப்பதாரர், விடையைச் சுருக்கமாக எழுதித் தர அனுமதி கேட்டார். மாற்று வடிவம் கிடையாது என்றார்கள். 14 மதிப்பெண் தேவைப்பட்ட இடத்தில் 12 எடுத்தார், வெளியேற்றப்பட்டார். தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. முடிவெடுக்கும் திறனைச் சோதிப்பது சரியான நோக்கம், ஆனால் அதைச் சோதிக்க அந்த வடிவம் ஒன்றே வழியல்ல என்பதே தீர்ப்பின் சாரம். துறை மேல்முறையீடு செய்தும் தோற்றது. இழப்பீடாக உத்தரவிட்ட தொகை 860 பவுண்டு மட்டுமே. அந்த வாதம்தான் பெரிது.

நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது; ஆட்டிசம் அதில் ஒன்று. நியாயமான ஏற்பாட்டை, அதாவது ஒருவரின் தேவைக்கேற்பச் செய்து தரும் மாற்றத்தை, மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்தின் சமவாய்ப்புக் கொள்கையில், மாற்றுத்திறனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டு விதிகள். உங்கள் நிறுவனத்தின் கொள்கையை எடுத்து அந்தப் பத்தியைத் தேடிப் பாருங்கள். பொதுவான இரண்டு நல்ல வாக்கியங்கள் மட்டும் இருந்தால், இந்தக் கட்டுரையில் உள்ளதைக்கொண்டு அதை நிரப்பலாம்.

3. ஆன்லைன் தேர்வு

மூன்று இடங்களில் சிக்கல் வரும்.

முதலாவது நேரம். அரசுத் தேர்வுகளில், விடையை எழுதித் தர இன்னொருவரை வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தரும் நடைமுறை ஏற்கெனவே உண்டு. அதையே அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். 60 நிமிடத் தேர்வு 80 நிமிடம் ஆகும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: தேர்வு நடத்தும் வெண்டர் மொத்த நேரத்தைக் கூட்டிவிட்டு, பிரிவுவாரி டைமரை அப்படியே விட்டுவிடுவார். திரையில் 80 நிமிடம் என்று இருக்கும், கணிதப் பகுதி மட்டும் பழைய 20ஆவது நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும். விண்ணப்பதாரர் என்ன நடந்தது என்று புரிந்துகொள்வதற்குள் தேர்வு முடிந்துவிடும். டம்மி லாகின் ஒன்று வாங்கி, கூடுதல் நேர அமைப்பில் நீங்களே ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். வெண்டர் "செட் பண்ணியாச்சு சார்" என்று சொன்னதை மட்டும் நம்பி லிங்க் அனுப்பாதீர்கள்.

நேரமே வேலையின் பகுதியாக இருக்கும் பணிகளும் உண்டு. அவசர அழைப்பு மையத்தில் பதில் சொல்லும் வேகம் முக்கியம். அங்கே வேகத்தைச் சோதியுங்கள். ஆனால் ரயில் கணக்கையும் தண்ணீர்த் தொட்டிக் கணக்கையும் 45 நொடியில் போடும் வேகம் எந்த அலுவலகத்திலும் தேவைப்படுவதில்லை.

இரண்டாவது, வெப்கேம் கண்காணிப்பு. திரையைவிட்டுப் பார்வை விலகினால், வாய் அசைந்தால், உடல் ஆடினால் எச்சரிக்கை வரும்படி அமைத்திருப்பார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் யோசிக்கும்போது பார்வையை வேறு பக்கம் திருப்புவார்கள். சிலர் கேள்வியை முணுமுணுத்துப் படிப்பார்கள். கை விரல்களை அசைத்துக்கொண்டோ முன்னும் பின்னும் ஆடிக்கொண்டோ இருப்பார்கள். அமைதியாகக் கவனம் செலுத்த அவர்களுக்கு அது உதவுகிறது. மென்பொருள் அதைக் காப்பியடிப்பதாக எண்ணும். மூன்று எச்சரிக்கையில் தானாக வெளியேற்றும் வசதியை எல்லோருக்குமே அணைத்துவிட்டு, எச்சரிக்கை வந்த பதிவுகளை மனிதர் ஒருவர் பார்த்து முடிவு செய்யும்படி மாற்றுங்கள். சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போன் அனுமதி உண்டா என்பதை லிங்க் அனுப்பும் மெயிலிலேயே எழுதுங்கள்.

மூன்றாவது, ஆளுமைத் தேர்வுகள். இவற்றை ஃப்ரெஷர் தேர்வில் வைக்காமலிருப்பதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. பெரியவர்களிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகளை முதற்கட்டமாகப் பார்க்கும் ஏ.க்யூ. என்ற 50 கேள்விகள் கொண்ட வினாத்தாள் இருக்கிறது. விருந்துக்குப் போவதா நூலகத்துக்குப் போவதா, ஒரே நேரத்தில் பல வேலை செய்ய முடிகிறதா, புதியவர்களோடு பழகுவது எளிதாக இருக்கிறதா என்று அது கேட்கும். உங்கள் ஆளுமைத் தேர்வையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அதாவது வேலைத்திறன் என்ற பெயரில் ஆட்டிசத்தையே அளந்து, அதற்காகவே மதிப்பெண் குறைக்கிறீர்கள்.

முகபாவத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் மதிப்பிடும் வீடியோ நேர்காணல் மென்பொருள்களும் இதே வகைதான். இந்தத் துறையில் பெரிய நிறுவனமான ஹயர்வ்யூ முகபாவ ஆய்வைக் கைவிட்டுவிட்டதாக 2021இல் அறிவித்தது. பணியிடத்தில் உணர்ச்சியைக் கணிக்கும் ஏ.ஐ. அமைப்புகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, 2025 பிப்ரவரி முதல் தடை விதித்திருக்கிறது. உங்கள் வெண்டரிடம் எழுத்தில் கேளுங்கள்: "முகம், பார்வை, குரல் இவற்றில் எதற்காவது மதிப்பெண் உண்டா? அதை அணைக்க முடியுமா?" தெளிவான பதில் வராவிட்டால் அந்த மென்பொருள் வேண்டாம்.

4. ஜி.டி.யை எடுத்துவிடுங்கள்

பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, தலைப்பு கொடுத்த இரண்டே நிமிடத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசும் அந்த 15 நிமிடம், இடைவெளி பார்த்து நுழையும் சாமர்த்தியத்தைத்தான் அளக்கிறது. ஒரே நேரத்தில் நாலு குரல் கேட்டால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் போவது ஆட்டிசத்தில் மிகச் சாதாரணம். கேட்டதை உள்வாங்கிப் பதிலை உருவாக்குவதற்குள் பேச்சு மூன்று பேரைத் தாண்டியிருக்கும். அவர் பேசவே இல்லை என்று தாளில் பூஜ்யம் விழும்.

கூட்டாக வேலை செய்யும் விதத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மேலாளர் வற்புறுத்தினால், மூன்று பேர் மட்டும் கொண்ட கூட்டமாக வையுங்கள். விஷயத்தை முதல்நாளே எழுத்தில் கொடுங்கள். முறை வைத்துப் பேசவிடுங்கள். பேசி முடித்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் போடுங்கள். நிஜ அலுவலகத்தில் ஒழுங்காக நடக்கும் கூட்டமும் இப்படித்தானே இருக்கிறது.

5. வரும் நாள்

வாக்-இன் நாளில் ஐந்நூறு பேர் கல்லூரி ஆடிட்டோரியத்தில் டோக்கனோடு காத்திருந்து, மைக்கில் பெயர் கூப்பிடும் சத்தத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு நேர்காணல் அறைக்குள் போகும் ஒருவரிடம் அவருடைய திறனில் பாதிகூட மிச்சமிருக்காது. கேட்பவருக்கு நேர ஒதுக்கீடு கொடுங்கள்: 11.20 என்றால் 11.20. முன்கூட்டியே அனுப்பும் மெயிலில் இவை இருக்கட்டும்: எந்த வாசல், எந்த மாடி, வரவேற்பில் யாரிடம் என்ன சொல்ல வேண்டும், பேனலில் இருப்பவர்கள் பெயர், எத்தனை நிமிடம், அதற்குப்பின் என்ன நடக்கும். மினுக்கும் ட்யூப்லைட் இல்லாத, ஜெனரேட்டர் பக்கம் இல்லாத அறையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. நேர்காணல்

கேள்விகளை ஒரு நாள் முன்னதாக எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் பேனலில் முணுமுணுப்பு வரும். எல்லோருக்கும் அனுப்பினால் யாருக்கும் பேச்சில்லை, பதில்களின் தரமும் கூடும். மனப்பாடம் செய்துவிட்டு வருவார்களே என்ற பயம் வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது அவர் செய்த வேலையை. அதைப் பற்றிய துணைக்கேள்வி இரண்டு கேட்டால் உருப்போட்டதா, செய்ததா என்று தெரிந்துவிடும்.

கேள்வியின் வடிவம்தான் இதில் பாதி. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றால் எங்கே தொடங்குவது, எவ்வளவு சொல்வது, இவருக்கு எது வேண்டும் என்று மூன்று விஷயங்களை விண்ணப்பதாரர் ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் பிறந்த ஊரிலிருந்து தொடங்குவார், அல்லது பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். இப்படி மாற்றுங்கள்: "கடைசி வருட ப்ராஜெக்ட்டில் நீங்கள் மட்டும் செய்த பகுதி எது? இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்."

"அழுத்தமான சூழ்நிலையைச் சமாளித்த அனுபவம் இருக்கா?" என்பதற்கு "இருக்கு" என்று பதில் வரும், அவ்வளவுதான். கேட்டதற்குச் சரியான பதில் அதுவே. உங்களுக்கு வேண்டியது வேறு என்றால் அதைக் கேளுங்கள்: "சமர்ப்பிக்க வேண்டிய தேதி நெருங்கி, வேலை முடியாமல் இருந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள். முதலில் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது?" மூன்று பகுதியையும் தாளில் அச்சிட்டு மேசையில் வைத்துவிடுங்கள்.

"உங்க பலவீனம் என்ன?" என்ற கேள்வியை அறவே விடுங்கள். எல்லோரும் ஒரு பலத்தையே பலவீனமாகச் சொல்லித் தப்பிக்கும் கேள்வி அது. ஆட்டிசம் உள்ளவர் உண்மையைச் சொல்லிவிடுவார். அந்த நேர்மைக்கு மதிப்பெண் குறையும்.

பேனலில் இரண்டு பேர் போதும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த இடைவெளியில் கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பிக் கேட்டால் அவர் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். பதில் நீண்டுகொண்டே போனால் "இது போதும், அடுத்த கேள்விக்குப் போகலாம்" என்று வாயால் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்ப்பது, ஃபைலை மூடுவது போன்ற ஜாடைகளை நம்பாதீர்கள்.

கண்ணைப் பார்த்துப் பேசுவது, கைகுலுக்கல், சிரிப்பு இவற்றுக்கு மதிப்பெண் தாளில் இடமே இருக்கக்கூடாது. 2017இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசிய சிறு பதிவுகளைக் காணொளியாகவோ குரலாகவோ கேட்டவர்கள், அவர்களோடு பழகக் குறைவாகவே விரும்பினார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. பேச்சின் உள்ளடக்கத்தில் குறை இருக்கவில்லை. பேனலில் உட்காரும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

மதிப்பெண் தாளை நேர்காணலுக்கு முன்பே தயார் செய்யுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 4 வரை. 1 என்றால் எப்படிப்பட்ட பதில், 4 என்றால் எப்படிப்பட்ட பதில் என்று ஒவ்வொரு வரி எழுதிவிடுங்கள். இருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகுதான் பேச வேண்டும். "கல்ச்சர் ஃபிட்", அதாவது நம் அலுவலகச் சூழலுக்கு ஒத்துவருவாரா என்ற கட்டத்தை அழித்துவிடுங்கள். காரணம் சொல்லத் தெரியாத பிடிக்காமை எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

7. செய்து காட்டச் சொல்லுங்கள்

எல்லா முறைகளிலும் இதுவே நியாயமானது. டென்மார்க்கில் 2004இல் தோர்கில் சோன்னே தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்னே நிறுவனம், நேர்காணலை நம்பாமல் லெகோ ரோபோக்களை வைத்து வேலை செய்யவிட்டுத் திறனைப் பார்த்தது. அதோடு கைகோத்து ஜெர்மானிய மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி. இந்தியாவிலும் அயர்லாந்திலும் முதலில் முயன்று பார்த்துவிட்டு, 2013இல் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை அறிவித்தது.

உங்களுக்கு ரோபோ தேவையில்லை. டெஸ்டர் பணிக்கு: வேண்டுமென்றே எட்டுப் பிழைகள் வைத்த சிறிய பதிவுப் படிவம் ஒன்று, இரண்டு பக்கத் தேவை ஆவணம், பிழை எழுத ஒரு மாதிரிப் படிவம், 90 நிமிடம். எத்தனை பிழை கண்டுபிடித்தார், எழுதியதை வைத்து இன்னொருவர் அதே பிழையை வரவைக்க முடிகிறதா என்ற இரண்டையும் பாருங்கள். பயிற்சிக்கு ஒரு மாதிரிப் பிழையை நிரப்பிக் காட்டுங்கள்; "நல்லா டீட்டெயிலா எழுதுங்க" என்று மட்டும் சொன்னால் ஒருவர் மூன்று பக்கம் எழுதி நேரத்தை முடித்துவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. அரை நாளுக்கு மேல் போகும் சோதனைக்குப் பணம் கொடுங்கள். அதோடு, ஆட்டிசம் என்றாலே டெஸ்டிங், டேட்டா என்று ஒதுக்கிவிடாதீர்கள். கணக்கில் விருப்பமில்லாதவர்கள், எழுதுபவர்கள், வரைபவர்கள், சமையலில் தேர்ந்தவர்கள் என்று எல்லா வகையினரும் அவர்களிலும் உண்டு.

8. ஏற்பாடு கேட்க வழி

ஒவ்வொரு அழைப்பு மெயிலின் அடியிலும் இதைச் சேருங்கள்: "இந்தத் தேர்வில் கூடுதல் நேரம், கேள்விகள் எழுத்தில், அமைதியான அறை, கேமரா இல்லாத நேர்காணல் போன்ற ஏற்பாடு தேவைப்பட்டால் இந்த முகவரிக்கு எழுதவும். காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டு வேலை நாளில் பதில் வரும். உங்கள் கோரிக்கை நேர்காணல் குழுவின் மதிப்பீட்டில் சேராது." உதாரணங்களைச் சொல்வது முக்கியம். "ஏதாவது தேவையா?" என்று மொட்டையாகக் கேட்டால், எது கேட்கலாம் என்று தெரியாமல் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள்.

சான்றிதழ் கேட்காதீர்கள். யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் 40 சதவீதக் குறைபாட்டு அளவும் அரசு வேலை இட ஒதுக்கீட்டுக்குத் தேவை. இருபது நிமிடக் கூடுதல் நேரத்துக்கு அது தேவையில்லை. ஏற்பாடு கேட்கும் உரிமையை அந்த 40 சதவீத வரம்போடு கட்டிப்போட முடியாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தவிர, சிறுவயதில் யாரும் கவனிக்காமல் விட்டு, முப்பது வயதில்தான் தனக்கு ஆட்டிசம் என்று தெரிந்துகொள்பவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களிடம் காகிதம் இருக்காது.

கோரிக்கையைக் கையாள ஒரே ஒருவரை நியமியுங்கள். பேனலுக்குப் போக வேண்டிய தகவல் "இவருக்குக் கேள்விகளை அச்சிட்டுக் கொடுக்கவும்" என்பது மட்டுமே.

விண்ணப்பதாரராக இதைப் படிப்பவர்களுக்கு: தேர்வு லிங்க் வந்த அன்றே எழுதிவிடுங்கள். மருத்துவ வரலாறு வேண்டாம். என்ன வேண்டும் என்பதைக் குறிப்பாகச் சொன்னால் போதும். "மதிப்புக்குரிய ஐயா/அம்மா, 14ஆம் தேதி ஆன்லைன் தேர்வுக்கு எனக்கு இரண்டு ஏற்பாடுகள் தேவை: பிரிவுவாரி டைமர் உட்பட மணிக்கு 20 நிமிடம் கூடுதல், பார்வை விலகலுக்கு வரும் தானியங்கி எச்சரிக்கை நீக்கம். இவை என் திறனைச் சரியாகக் காட்ட உதவும். உறுதிப்படுத்திப் பதில் அனுப்பவும்." தொலைபேசியில் சம்மதித்தால், "இன்று பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போட்டுவிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடும்போது அந்தக் கடிதம்தான் கையில் இருக்க வேண்டிய ஆவணம்.

9. சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது

அமெரிக்காவில் ஐந்தில் நாலு பங்கு என்றொரு அளவுகோல் உண்டு: ஒரு பிரிவினரின் தேர்ச்சி விகிதம், அதிகம் தேர்ச்சி பெறும் பிரிவின் விகிதத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வைச் சந்தேகப்பட வேண்டும். இனம், பாலினம் சார்ந்த கணக்குக்காக வந்தது அது. ஆட்டிசத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால் ஏமாறுவீர்கள். நாற்பது விண்ணப்பத்தில் இரண்டு பேர் தனக்கு ஆட்டிசம் என்று சொல்லியிருப்பார்கள், மூன்று பேர் சொல்லாமல் இருப்பார்கள். இந்த எண்ணிக்கையில் சதவீதத்துக்கு அர்த்தமில்லை. "எங்கள் புள்ளிவிவரத்தில் பாகுபாடு தெரியவில்லை" என்று வெண்டர் சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை பேரை வைத்து?

அதற்குப் பதில் மூன்றைக் குறித்து வையுங்கள்: எத்தனை கோரிக்கை வந்தது, எத்தனை நாளில் பதில் போனது, கேட்டவர்கள் எந்த ரவுண்டில் வெளியேறினார்கள். கோரிக்கையே வராவிட்டால் அழைப்பு மெயிலின் அந்த வரிகள் கண்ணில் படவில்லை என்று பொருள். வருடம் ஒருமுறை, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இரண்டு மூன்று பேருக்குக் கட்டணம் கொடுத்து, உங்கள் தேர்வை முதலிலிருந்து கடைசிவரை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கேள்வி இரண்டு அர்த்தம் தருகிறது, எந்தத் திரை குழப்புகிறது என்பதை வரிவரியாகச் சொல்லிவிடுவார்கள்.

தேர்வாகாதவர்களுக்கும் பதில் அனுப்புங்கள், சொன்ன தேதிக்குள். எந்தக் கட்டத்தில் எவ்வளவு தேவைப்பட்டது, அவர் எவ்வளவு எடுத்தார், எதைச் சரிசெய்தால் அடுத்த முறை விண்ணப்பிக்கலாம் என்று மூன்று வரி. "எட்டில் மூன்று பிழைகள் கண்டீர்கள், ஐந்து தேவை, பிழை அறிக்கைகள் தெளிவாக இருந்தன, ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதலாம்" என்ற அளவுக்குக் குறிப்பாக இருக்கட்டும். "மீண்டும் தொடர்புகொள்கிறோம்" என்று எழுதாதீர்கள். அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பார்.